தோளுக்குள் ஒரு வண்டு

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்களா?

இங்கே ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். துப்பாக்கி என்றதும் பதறாதீர்கள், என் பக்கம் பட்டாசுகூட வெடிப்பதில்லை. போன மாதம் தோளில் குண்டடிபட்ட காவலாளி ஒருவர், காயம் ஆறியபின் மனைவியோடு என் ஸ்கேன் அறைக்கு வந்தார்.

"இவரு தோள்ல தலை வெச்சா உள்ள வண்டு கத்துது டாக்டர்" என்றார் அந்த அம்மாள்.

"பயந்த காதுக்கு எல்லாம் கேக்கும்" என்று கணவர் சிரித்தார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. கருவியை வைத்துப் பார்த்தேன். குண்டு, தமனியையும் அதை ஒட்டிய சிரையையும் சேர்த்தே துளைத்திருந்தது. ரத்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் பாய்ந்துகொண்டிருந்தது. அரிதாகத்தான் இப்படி ஆகும். விட்டிருந்தால் இதயம் களைத்துப்போயிருக்கும். சாயம் ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேனும் அதையே காட்டியது. நேற்று உள்ளே சிறு குழாய் செருகி ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

அந்த அம்மாள் தோளில் காதை வைத்துப் பார்த்துவிட்டு அழுதார். "சத்தம் நின்னுடுச்சு டாக்டர். இனிமே அது இல்லாம எனக்குத்தான் தூக்கம் வராது" என்று உடனே சிரிக்கவும் செய்தார்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். நீங்கள் விடும் குறட்டையைப் போனில் பதிவு செய்து அனுப்பும்படி பாப்பாவிடம் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும். சிரிக்காதீர்கள். அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உங்கள்
பாப்பா அம்மா