என் ஃபிரேம்வொர்க் ஜெயித்தது

12.3.2007, திங்கள், மாலை 5.40. கோப்புகள் 143.

முடிந்தது. இணையதளம் கட்ட இனி எவன் போட்ட அஸ்திவாரமும் வேண்டாம். இந்த ஃபிரேம்வொர்க்கின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது.

பக்கத்து மேசை ரெம்யா நெட்டில் சும்மா கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் ஒன்றைப் பிடித்துத் தொங்குகிறாள். "லிங்கா, அது ஆயிரம் பேரு நோக்கினதாக்கும். உன்னோடத நீ மட்டும்." ஆயிரம் பேர் கையை விட்டுக் கலக்கிய சாம்பார் எனக்கு வேண்டாம் என்றேன்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குத் தளம். எங்கள் இரண்டில் எது என்று வெள்ளிக்கிழமை முடிவு. ஜெயித்தவருக்கு ஜூனில் லண்டன், ஆறு மாதம். மேனேஜர் ஷிஜு சார் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் எங்கள் இருவரிடமும் பாஸ்போர்ட் உண்டா என்று கேட்டார். வேறெதற்குக் கேட்பார்?

14.3

ரெம்யா இரண்டே நாளில் டெமோ முடித்துவிட்டாள். அதில் அவள் எழுதியது கால்வாசிகூட இல்லை. வெட்கம் வேண்டாமா?

16.3, வெள்ளி

கடை முதலாளி பகவதிப்பெருமாள் அண்ணாச்சி வந்தார். டெமோ பக்கம் திரும்பவே இல்லை.

"இத செஞ்சது யாரு மோளே?"

உலகம் முழுக்க நிறையப் பேர் என்றாள் ரெம்யா.

"அப்போ ஓணக் கச்சவடத்துல, ஆளு குமியற நேரத்துல, இது படுத்துச்சுன்னா, நான் எவன் சட்டையப் பிடிக்க?"

நான் முந்திக்கொண்டேன். "என் சட்டைய, அண்ணாச்சி."

"ஊரு?"

"பாறசாலை."

"யாருக்க மொவன்?"

அப்பா பெயரைச் சொன்னேன்.

"நம்ம நெல்லையப்பனுக்க மொவனா? பொறவு என்னடே."

தொழில்நுட்பம் வென்றது.

18.3

எம்.ஜி. ரோட்டில் கம்பளிக் கோட்டு விலை கேட்டேன். கடைக்காரர் எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

30.4

தளம் திறந்தாயிற்று. ஒரு பிழை இல்லை.

24.5

லண்டன் ரெம்யாவுக்கு.

ஷிஜு சார் சொன்னது: "லிங்கராஜே, அவ போனா அவளோட பணிய புதுசா வந்த பிஜி நாளைக்கே எடுத்துக்கும். அதுக்கு புக்கே கிட்டும். உன்னோடது உனக்கு மாத்ரமல்லே அறியும்? பின்னே, நீ இங்கதான் இருக்கணும்னு அண்ணாச்சி கராறுப் பத்திரத்துல எழுதி வாங்கிட்டாரு. நீ இந்தக் கம்பெனிக்குத் தூணாக்கும்."

தூணு. ஆமா, தூணு எங்க போகும்? நட்ட எடத்துல நிக்கும். நட்டவனும் நானேதான — யாரத் திட்ட?

25.5

காலை எட்டு மணிக்கு அண்ணாச்சி ஃபோன். "மக்கா, சீட்டுல உண்டா?" தளத்துக்கு ஒன்றுமில்லை. சும்மா கேட்டாராம்.

28.5, திங்கள்

இனிச் செய்ய வேண்டியது:

1. ஒவ்வொரு கோப்புக்கும் விளக்கக் குறிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி.

2. அதைப் பிஜிக்குச் சொல்லிக்கொடுப்பது. கத்தாமல்.

3. ரெம்யா கிளம்புவதற்குள் அவளிடம் ஓப்பன் சோர்ஸ் படிப்பது. கேட்டுவிட்டேன். "நாளைக்கு வா" என்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

4. பிஜியைச் சாலைக் கடைக்குக் கூட்டிப்போய் அண்ணாச்சி முன்னால் உட்காரவைப்பது. அவருக்குப் பிடிக்க இன்னொரு சட்டை வேண்டும். ஒரு சாயா தீரும்வரை அவர்கள் இரண்டு பேரும் பேசட்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.