நீக்கலாம் என்று நீ எழுதியது

தங்கச்சி லேபிளுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் உரிமையை எட்டு மாதத்துக்கு முன்பே தொலைத்துவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன். நலம்தானா? உன் கைபேசிக்கு மூன்று முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லி மழுப்பியிருப்பேன், அதனால் அதுவும் நல்லதுக்குத்தான். உன் முகவரியை டயாலிசிஸ் வார்டு சிஸ்டரிடம் வாங்கினேன். எதற்கு என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவு இன்னும் அதே அடித்தள அறையில்தான் கிடக்கிறது. ஏசி ஒரே ஒரு மூலையை மட்டும் உறைய வைக்கிறது, அந்த மூலையில் யாரும் உட்காருவதில்லை. நீ போனதும் நீ ஒட்டிவைத்த சீட்டுகளை எல்லாம் கோபத்தில் கிழித்துப் போட்டேன். "இந்த நாற்காலி இடப்பக்கம் சாயும்" என்ற சீட்டும் அதில் போய்விட்டது. போன மாதம் சோதனைக்கு வந்த அதிகாரி நேராகப் போய் அதில் உட்கார்ந்தார். பாதி விழுந்தவரைப் பிடித்துத் தூக்கியபோது உன் நினைவு வந்தது. உன் அண்ணிக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் இன்னும் என்னைத் திட்டுகிறாள்.

பார், ஒரு பக்கம் முடிந்துவிட்டது. இன்னும் சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

அந்த அட்டவணையை நீக்கலாம் என்று நீ எழுதவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இதை உன் அப்பாவும் படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விவரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஐயா, ஆஸ்பத்திரித் தகவல்கள் எல்லாம் டேட்டாபேஸில் அட்டவணை அட்டவணையாக இருக்கும். கூடவே ஃபங்ஷன் என்று சில இருக்கும். கூப்பிட்டால் வந்து, சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போகும். ஒவ்வொன்றுக்கும் கணினி ஓர் எண் போட்டு வைத்திருக்கும். இது எதற்கு, யாருக்கு வேண்டும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். பெரும்பாலானவர்கள் எழுத மாட்டார்கள். உங்கள் மகள் ஒன்று விடாமல் எழுதினாள். லேபிள் என்று நாங்கள் பெயர் வைத்ததே அதற்குத்தான்.

எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய குறிப்பை எடுத்துத் தர ஒரு வழி இருக்கிறது. அதில் இரண்டு வகை. ஒன்றில் எண்ணோடு, அது அட்டவணைகளின் பட்டியலில் உள்ளதா, ஃபங்ஷன்களின் பட்டியலில் உள்ளதா என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொன்றில் வெறும் எண் போதும். ஆனால் ஒரு பட்டியலில் இருக்கும் எண் இன்னொரு பட்டியலிலும் இருக்கலாம். எப்போதாவதுதான் அப்படி நேரும். அப்போது வெறும் எண்ணைக் கொடுத்தால் கையில் அகப்பட்ட குறிப்பு வரும். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். நீயும் ஒரு நாள் "அந்தக் குறுக்கு வழி வேணாம்ணே" என்று சொன்னாய். இருபத்திரண்டு வருஷமாக இதில்தான் குப்பை கொட்டுகிறேன், எனக்கே பாடமா என்று எல்லார் முன்னாலும் உன்மேல் எகிறினேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பழையதை எல்லாம் ஒழித்துக்கட்டும் வேலை வந்த அன்று, நாற்பது அட்டவணைகளின் எண்களை வரிசையாகப் போட்டு, அந்தக் குறுக்கு வழியில்தான் குறிப்புகளை எடுத்தேன். "பழைய முறை. இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நீக்கலாம்." என்று ஒன்றுக்கு வந்தது. நீக்கினேன். அது டயாலிசிஸ் நோயாளிகளின் முறைப் பட்டியல். யாருக்கு எந்த நாள், எந்த இயந்திரம் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

அதற்குப் பின் நடந்தது உனக்குத் தெரியும். மறுநாள் காலை முப்பத்தொரு பேர் வராந்தாவில் நின்றார்கள். ஆறு நாள் பழைய பேக்கப் நகலிலிருந்து வரிகளை எடுத்துப் புது அட்டவணையில் போட்டேன். அந்த ஆறு நாளுக்குள், நோயாளிகளில் ஒருவரான தையல்காரரின் முறையை வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாற்றியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வந்தவரை, உங்கள் முறை வியாழன் என்று திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமை மூச்சுத் திணறலோடு தூக்கி வந்தார்கள். நான்கு நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துக்கொண்டார்.

நீ முதலில் "நான் அப்படி எழுதலண்ணே" என்றுதான் சொன்னாய். எண்ணோடு அந்தக் குறிப்பை அச்சடித்த தாளை உன் முகத்துக்கு நேராக நீட்டினேன். வாங்கிப் படித்தாய். "வாக்கியம் என்னோடதுதான். அங்க எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்றாய். உன் கோப்பில் கவனக்குறைவு என்று நான் எழுதினேன். அடுத்த வாரம் நீ ராஜினாமா கொடுத்துவிட்டாய்.

போன மாதம் புது சர்வருக்கு மாறினோம். இருக்கிற ஒவ்வொன்றையும் எந்த வகை, என்ன பெயர், என்ன குறிப்பு என்று முழுசாக எழுதித் தரும்படி உத்தரவு. ஃபங்ஷன்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். படுக்கை எண்ணை மாற்றும் ஒரு பழைய ஃபங்ஷன், அதன் பக்கத்தில் உன் வாக்கியம். ஓர் எழுத்து மாறாமல் அதே வாக்கியம். எண்ணைப் பார்த்தேன். மேசை இழுப்பறையில் அன்றைய தாள் இருந்தது, அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே எண். அட்டவணையின் எண்ணுக்கு ஃபங்ஷனின் குறிப்பு வந்திருக்கிறது.

அதோடும் நான் விடவில்லை. எப்படியாவது தப்பில் உனக்கும் ஒரு பங்கு இருக்காதா என்று தேடினேன், அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நீக்குவதற்கு முந்தைய வாரத்தின் முழு வட்டு நகலைத் தேடி எடுத்து, இந்த முறை எண்ணோடு பட்டியலின் பெயரையும் கொடுத்துக் கேட்டேன். "டயாலிசிஸ் முறைப் பட்டியல். தினமும் பயன்படுகிறது. வார்டு சிஸ்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்." என்று வந்தது. அட்டவணையை நீக்கியபோது இந்தக் குறிப்பும் சேர்ந்து போயிருக்கிறது. பேக்கப்பிலிருந்து நான் வரிகளை மட்டும் எடுத்தேன், குறிப்புகளை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது போகட்டும், யாரும் கூப்பிடுவதில்லை என்று அந்தத் தாளிலேயே இருந்ததே. ஃபங்ஷனைத்தான் கூப்பிடுவோம், அட்டவணையை யாராவது கூப்பிடுவார்களா? அந்த ஒரு சொல்லாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா?

உன் அண்ணியிடம்தான் முதலில் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அப்போ பதினாலாம் நம்பர் வீட்டை இடிக்கணும்னு சொன்னாங்க, நீங்க எந்தத் தெருன்னு கேக்காமலே போய் இடிச்சிட்டீங்க. சரிதானே?" என்றாள். சரிதான் என்றேன். "அந்தப் பொண்ணு கிட்ட சொல்லியாச்சா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். அன்றிலிருந்து எட்டு நாள் என்னிடம் பேசவில்லை. முட்டி வலியைக்கூடச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் தையல்காரரைப் பார்க்க வார்டுக்குப் போனேன். இயந்திரத்தோடு இணைந்து படுத்திருந்தார். மறுகையில் செய்தித்தாள் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். நீ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே போய் அவர் காலடியில் நின்று அழுதாயாம், எனக்கு அது தெரியாது. "எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. அது கிட்ட யாருங்க கேக்கறது?" என்றார். படியேறி வந்து முதல் வேலையாக நிர்வாகத் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளையும் வட்டு நகலில் கிடைத்ததையும் சேர்த்து வைத்தேன். உன் கோப்பில் நான் எழுதியதை நீக்கிவிட்டார்கள், அதன் நகல் இதனுடன் இருக்கிறது. என் மேல் விசாரணை வரும். வரட்டும்.

உன் அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, உங்கள் மகளின் பொருட்களை எடுத்துப்போக நீங்கள் வந்த அன்று, படிக்கட்டில் நின்று, "என் பொண்ணு அவ்வளவு அசட்டையாவா சார் இருந்தா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். வயசு அப்படி என்று ஆறுதல் வேறு சொன்னேன். பொருட்கள் இருந்த பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறிப் போனீர்கள். நான் சொன்னது பொய், ஐயா. அந்த அறையில் அசட்டையாக இருந்த ஒரே ஆள் நான்தான். உங்கள் மகளை நீங்கள் அப்படி நினைத்து இருந்த ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தான் வரும்.

தங்கச்சி, உன்னைத் திரும்ப வரச்சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இடம் காலியாகத்தான் இருக்கிறது, தலைவரும் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அது உன் இஷ்டம். என்னைக் குடைவது வேறொன்று. முகவரி கொடுத்தபோது சிஸ்டர் சொன்னார், நீ இப்போது துணிக்கடையில் மடித்து அடுக்கும் வேலைக்குப் போகிறாயாம். "ரெண்டு வரி எழுதினாலும் நாலு தடவை படிக்கிறேன் சிஸ்டர், அப்பவும் சரியா எழுதினேனான்னு நம்பிக்கை வரல" என்று சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை நான் பறித்தது ஒரு பக்கம். உன் கையையே நீ நம்பாதபடி செய்துவிட்டேனே, அதற்கு எந்தத் தலைவருக்கு எழுதிக் கொடுப்பது?

உன் குறிப்புகள் முந்நூற்றுப் பதினேழையும் வட்டு நகலில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. ஒன்றுகூட இல்லை, தங்கச்சி.

எனக்கு ஒரு பதில் எழுது. திட்டி எழுது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுது, எப்படி வேண்டுமானாலும் எழுது. ஒரே ஒரு வேண்டுகோள். எழுதி முடித்ததும் திரும்பப் படிக்காதே. அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிடு.

இப்படிக்கு,
நீ அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்