செனட்டர் உட்கார்ந்து சாப்பிட்ட விருந்து

வாஷிங்டன்
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லெனோருக்கு,

உன் ஹெஸ்டர் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே மேய்ன் கடற்கரை வீட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் உன் தொலைபேசியை உன் கணவர் வாரன்தான் எடுக்கிறார். "அவ கடல்ல நீந்தப் போயிருக்கா, ஹெஸ்டர்" என்கிறார். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் நீந்துவாள்? அதனால்தான் இந்தக் கடிதம். தபால்காரரிடம் நீயே கையெழுத்துப் போட்டு வாங்கும்படி அனுப்பியிருக்கிறேன்.

அலுவலகத்தில் குளிர்சாதனம் மறுபடி கெட்டுவிட்டது. காங்கிரஸ் சபை உறுப்பினர்கள் எல்லாரும் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்கள்தான் இங்கே வேகிறோம். நம் பத்திரிகை ஆசிரியர் ஐரா கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு அதிகாரம் செய்கிறார். உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. உட்கார வைக்கச் சம்பளம் இல்லை என்பதுதான் காரணம், பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே.

டாகெட் அண்ட் வில்மோர் பக்கத்தை இப்போது நான் ஒருத்திதான் பார்க்கிறேன். அந்த வக்கீல்கள் எந்தச் செனட்டருக்கு நன்கொடை கொடுத்தார்கள், பணம் கொடுத்த எந்த வாடிக்கையாளருக்காக எந்த மசோதாவின் பின்னால் அலைந்தார்கள் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து துருவிய நிறுவனம். நீ அதன் பங்குதாரர் ஒருவரையே கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாய். நான் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறேன்.

மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு வயிற்றெரிச்சல்தான். நாம் ஓட்டல் வாசலில் நின்று யார் யார் உள்ளே போகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்த அந்தக் குளிர்கால இரவில், வாரன் இரண்டு காப்பி கொண்டுவந்தாரே, முதல் கோப்பையை யாரிடம் நீட்டினார்? என்னிடம். நான் முறைத்தேன், நீ சிரித்தாய். சிரித்தவளுக்குப் பெதஸ்டாவில் தோட்டம் வைத்த வீடு, முறைத்தவளுக்கு அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையைக் குளிர்பெட்டிக்குள் வெண்ணெய்க்குப் பின்னால் வைத்தேன். கதவில் ஒட்டினால் தினமும் பார்க்க வேண்டியிருக்குமே.

மே மாதம் நீ இணையத்தில் ஒரு படம் போட்டாய். விருந்து மேசை, நடுவில் வெள்ளைப் பியோனிப் பூக்கள். நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வேலைக்காக இல்லை. உன் மேசை வால்நட் மரமா, நாற்காலிக்குத் துணி புதிதா என்று பார்க்கத்தான். அப்படிப் பார்த்தபோதுதான் ஓரத்தில் செனட்டர் பாஸ்கம் அகப்பட்டார். நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருந்தார். கையில் முள்கரண்டி, அதன் முனையில் ஆட்டிறைச்சி.

என் அக்காவிடம் காட்டினேன். "வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போட்டது ஒரு குத்தமாடி?" என்றாள். நமக்கு ஊறிப்போனதை அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. பணம் வாங்கிக்கொண்டு மசோதாக்களுக்காக அலையும் லாபிக்காரர் ஒருவர் செனட்டருக்குத் தீனி கொடுக்கலாம், ஆனால் அவர் நின்றுகொண்டு பல்குச்சியில் குத்தித் தின்ன வேண்டும். உட்கார வைத்து, தட்டு வைத்து, முள்கரண்டி கொடுத்தால் அது சாப்பாடு, சாப்பாடு என்றால் அன்பளிப்பு, அன்பளிப்பு கூடாது. தேர்தல் நிதி விருந்து என்றால் உட்காரலாம், ஆனால் அதைக் கணக்கில் காட்ட வேண்டும். டாகெட் அண்ட் வில்மோர் எதையும் காட்டவில்லை. அக்கா கடைசியில் சொன்னது இதுதான்: "உங்க சட்டத்துல பெரிய மனுசன் உக்காந்தா குத்தம், நின்னா புண்ணியமா?"

படத்தை ஐராவிடம் கொடுத்தது நான்தான். உனக்கு வேறு யாராவது சொல்லித் தெரியக் கூடாது. வேலை அது என்று சொல்லிக்கொள்ளலாம், வேலையும்தான். ஆனால் கொடுக்கும்போது என் மனசுக்குள் வாரன் முகம்தான் இருந்தது. அது கோணிப்போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. நாம் எத்தனை பேரை இப்படிப் படத்தின் ஓரத்தில் பிடித்திருக்கிறோம். நீ அந்த ஓரத்தை வெட்டாமல் போட்டாயே, மறந்துதான் போட்டாயா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஐரா நிறுவனத்திடம் விளக்கம் கேட்டார். நேற்று பதில் வந்தது. அந்த விருந்து முழுக்க முழுக்கத் திருமதி ஸ்டாக்டனின், அதாவது உன்னுடைய, சொந்த ஏற்பாடாம். செனட்டர் அவருடைய நெடுநாள் நண்பராம். நண்பருக்கு நண்பர் விருந்து வைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லையாம். திரு ஸ்டாக்டன் தன் வீட்டில் தானே ஒரு விருந்தாளியாக உட்கார்ந்தாராம். இதையெல்லாம் நீயே சத்தியம் செய்து எழுதிக் கையெழுத்திட்டு, செனட்டின் ஒழுங்குக் குழுவிடம் அடுத்த திங்கட்கிழமை கொடுப்பாயாம். பதிலின் கீழே உன் கணவரின் கையெழுத்து.

படித்ததும் முதலில் என் வயிறு குளிர்ந்தது, லெனோர். போய்ப் பார், உன் மகாராஜாவின் லட்சணத்தை என்று இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நண்டுப் பொரியல் கூட வாங்கித் தின்றேன். பாதியில் இறங்கவில்லை.

பாஸ்கம் உன் நண்பரா? நம்மை ஓட்டல் படிக்கட்டில் பார்த்து, "இந்தக் கொசுக்களுக்கு யாராச்சும் புகை போடுங்கப்பா" என்று சொன்ன ஆள். "இந்தாளு உக்கார்ற மேசையில நான் பச்சத் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்" என்று நீ அன்றைக்குச் சொன்னாய். விருந்து நாள் மத்தியானம் எனக்குத் தொலைபேசியில் என்ன சொன்னாய் என்பதும் நினைவிருக்கிறது. "ஆபீஸ்லேர்ந்தே சமையல்காரங்களை அனுப்பிட்டாங்க. யாரு வர்றாங்கன்னு கூட எங்கிட்ட சொல்லல. பூ மட்டும் வெச்சுட்டு நல்ல உடுப்பாப் போட்டுக்கச் சொன்னாங்க" என்றாய். உன் குரல் எப்படியோ இருந்தது. எனக்குச் சமையல்காரர்கள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது; அவசர வேலை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். விருந்து வைத்தது நிறுவனம், தின்றது செனட்டர், சத்தியம் செய்யப்போவது நீ. பொய்ச் சத்தியத்துக்குச் சிறை என்பது வாரனுக்குத் தெரியாதா? அவர் வக்கீல். தெரிந்துதான் அந்தச் சத்தியத்துக்குத் தன் கையெழுத்தை விட்டுவிட்டு உன் கையெழுத்தைக் கேட்கிறார்.

அவரை விட்டுவிட்டு வா என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் அதில் என் வயிற்றெரிச்சல் எவ்வளவு, உன் மேல் அக்கறை எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியாது. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. "படிச்சுப் பாத்துட்டுத் தர்றேன்" என்று சொல், தலைவலி என்று சொல், நீந்தப் போகிறேன் என்று சொல், போடாதே. விருந்தன்று மத்தியானம் நீ என்னிடம் பேசியதை நான் எந்தக் குழுவின் முன்னும் வந்து சொல்கிறேன். சாட்சி சொன்னவளே இந்தச் செய்தியை எழுத முடியாது, ஐரா வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். கொடுக்கட்டும்.

நீ என்னோடு பேச வேண்டும் என்றில்லை. கோபம் தீர ஒரு வருஷம் ஆகலாம், தீராமலும் போகலாம். போஸ்டனுக்குப் போகும் பேருந்து உங்கள் ஊர்ச் சந்தையிலிருந்து காலையில் கிளம்புகிறதாம், விசாரித்துவிட்டேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன், மாடியில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது.

நீ என்னைவிட நன்றாக வாழ்வதைப் பார்த்து எரிவது எனக்குப் பழகிப்போய்விட்டது, லெனோர். உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட எனக்குத் தெரியாது, அதைக் கற்றுக்கொள்ளவும் எனக்கு இஷ்டமில்லை. நீ நன்றாக இரு. என் வயிறு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் ஹெஸ்டர்