குறோட்டன் சாடிகளுக்கு இடம்

1934 ஆவணி, புதன்

இன்ஸ்பெக்டர் வரும் நாளென்பதால், பள்ளிக்கூட மனேச்சரும் கமிட்டியாரும் காலையில் ஒருமணி நேரம் ஆலோசித்து, குறோட்டன் செடிச் சாடிகளை என் வகுப்பின் முன்வரிசையில் வைப்பதென்று ஏகமனதாய்த் தீர்மானித்தார்கள். பிள்ளைகள் இருக்கும் முன்வாங்கு கடைசி வரிசைக்குப் போகவேண்டும்.

“ஐயா, அந்த வாங்கிலை இருக்கிற தங்கத்துக்குக் காது கேளாது. என்ரை வாயைப் பாத்துத்தான் படிக்கிறாள்,” என்றேன்.

“அதுக்கென்ன வாத்தியார், கொஞ்சம் பலத்துக் கதையுமன்,” என்றார் மனேச்சர். கமிட்டி தலையாட்டியது. வாங்கின் ஒரு பக்கத்தை நான்தான் தூக்கினேன்.

இன்ஸ்பெக்டர் கொடுத்த கணக்கைத் தொண்டை நோகச் சொன்னேன். எல்லோருக்கும் முன்னே விடை எழுதுகிறவள் என்னை மறைத்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பேருக்கு நேரே “மந்தம்” என்று எழுதிவிட்டு, செடிகளைப் பாராட்டினார்.

நாளை முதல் தங்கத்தை அனுப்ப வேண்டாமென்று கமிட்டி தகப்பனுக்குச் சொல்லிவிட்டது. சாடிகள் முன்வரிசையிலேயே இருக்கின்றன.