மோர்ஸ்பிக்கு வராத விமானங்கள்

ஊயென், விக்டோரியா
9 ஆகஸ்ட் 1942

அன்பு மகன் க்ளெமுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். ஜூலையில் நல்ல மழை. கோதுமை முழங்கால் உயரம் வந்துவிட்டது. அப்பாவுக்கு முதுகுவலி திரும்பியிருக்கிறது, ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பாஸ்கோ வீட்டுப் பையன் இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறான், அவன் கையில் கொடுத்திருக்கிறேன். தணிக்கைக்காரர் கறுப்படித்தது போக மிச்சத்தை மட்டும் நீ படிக்க நேரக்கூடாது என்றுதான்.

உன் மே மாதக் கடிதம் போன வாரம் கிடைத்தது. அங்கே வானம் ஓய்ந்து கிடக்கிறது, விமானங்களைத் துடைத்துப் பளபளவென்று வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். சட்டையில் சிறகுச் சின்னத்தைப் பார்த்தாலே உனக்குக் குடிக்க வாங்கித்தரப் போட்டி போடுகிறார்களாம். அப்பா அதைக் கோதுமைக் கிடங்குக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "லண்டனைக் காப்பாத்தினதே என் பையனும் இன்னும் நாலு பேரும்தான்" என்று ஒரே பெருமை. இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருக்கச் சம்மதித்துவிட்டதாகக் கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் அவர் யாருக்கும் படிக்கவில்லை.

தம்பி மெர்வின் சண்டையிட்டுச் செத்தான், அதில் நமக்குப் பெருமை என்றும் எழுதியிருந்தாய். தந்தியில் அப்படித்தான் இருந்தது. நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு டெஸ் குவில்டி வந்தான். நமக்கு வடக்கே, மோர்ஸ்பித் துறைமுகத்தில் மெர்வினோடு ஒரே துப்பாக்கிக் குழியில் இருந்தவன். இடது கை முழங்கையோடு போய்விட்டது. அப்பா வேலி கட்டப் போயிருந்தார். ஆட்டிறைச்சி வறுத்து வைத்தேன். வெட்டித் தரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனே தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

பிப்ரவரியிலிருந்தே ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தனவாம். எதிர்த்துப் பறக்க நம்மிடம் ஒரு போர் விமானம்கூட இல்லை. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மேலிடம் சொல்லிக்கொண்டே இருந்ததாம். பையன்கள் அவற்றுக்கு 'நாளைக் கழுகு' என்று பெயர் வைத்துச் சிரித்தார்களாம். ஆறு வாரம், க்ளெம். வானத்தில் இரைச்சல் கேட்டால் எதிரிதான்; அதற்கு வேறு அர்த்தமே இல்லை.

மார்ச்சில் ஒரு மாலை நாலு விமானங்கள் தாழ வந்திருக்கின்றன. மெர்வின் சுட்டான். எல்லோரும்தான் சுட்டார்கள், ஆனால் முதலில் சுட்டது அவன். வந்தவை நம் விமானங்கள்.

ஒன்று ஓடுபாதையின் முனையில் விழுந்தது. ஓட்டி வந்த பையனுக்குக் கால் சிதைந்துவிட்டது. மறுநாள் மெர்வின் மருத்துவக் கூடாரத்துக்குப் போய், தான்தான் சுட்டது என்று சொல்லியிருக்கிறான். "ஏண்டா தம்பி, ஜப்பான்காரன் என்னை வீழ்த்தறதுக்குள்ள நீ ஒரே நிமிஷத்துல முடிச்சிட்டியே!" என்றானாம் அந்த விமானி. கூடாரமே சிரித்திருக்கிறது. மெர்வினும் சிரித்தானாம். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று டெஸ் சொன்னான்.

ஏப்ரலில் ஒரு காலை, சூரியன் இருந்த பக்கத்திலிருந்து மூன்று விமானங்கள் வந்தன. "சுடுடா!" என்று டெஸ் கத்தியிருக்கிறான். "இருடா, நம்ம ஆளா இருந்தா?" என்றானாம் மெர்வின். சொல்லிவிட்டு விசையிலிருந்து விரலையே எடுத்துவிட்டானாம். வந்தவை ஜப்பான் விமானங்கள். "மிஸஸ் ட்ரெகியர், நான் அவனைத் தள்ளிட்டுச் சுட்டிருக்கணும். என் கை ரெண்டும் தோட்டாப் பெட்டிக்குள்ள இருந்துச்சு" என்றான் டெஸ். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் என் கோபமெல்லாம் உன் மேல்தான். இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். நீயாகவா அங்கே போனாய், அனுப்பினார்கள், போனாய். ஆனாலும் துடைத்து நிறுத்தி வைத்திருக்கும் அந்த வரிசையை நினைத்தால் வயிறு எரிகிறது. அதில் நாலே நாலு பிப்ரவரியில் இங்கே வந்திருந்தால், நம் விமானத்தின் சத்தம் எப்படி இருக்கும் என்று உன் தம்பிக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் தலைக்கு மேலே என் பெரியவன் பறந்தான். என் சின்னவன் தலைக்கு மேலே யாருமில்லை.

கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கு. இந்தப் பக்கம் மாற்றல் கேள். வீட்டுக்கு வா என்று அழைக்கவில்லை, க்ளெம். மோர்ஸ்பிக்குப் போ என்கிறேன். பெற்றவள் கேட்கக்கூடாதது இது. இருந்தும் எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.

அங்கே போய்ச் சேரும்போது குழிகளுக்கு மேலே ஒரு சுற்று சுற்று. இறக்கையை ஆட்டிக் காட்டு. அப்படியும் எவனாவது பயந்து சுட்டுவிட்டால், இறங்கியதும் அவனைத் தேடிப் போ. விளையாட்டுக்குக்கூட எதுவும் சொல்லாதே. ஒரு சிகரெட்டைக் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். அவனுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகத் தரையில் இறக்கட்டும்.

உன் அம்மா
வினிஃப்ரெட் ட்ரெகியர்