உதட்டோரப் புண்

ஹார்லிங்கன்
5 மார்ச் 2018

அன்புள்ள யோலைனுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்திவிட்டு வைத்துவிடுவோம், அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஃபென்னாவின் நெற்றியில் முத்தம் கொடுக்கத்தான் குனிந்தேன். "வேணாம்ப்பா!" என்று சத்தம் போட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டாய். உன் மாமனாரும் மாமியாரும் கையில் ரஸ்க்கோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பெண் பிறந்தால் கொடுக்கிற வழக்கப்படி இளஞ்சிவப்பு சோம்பு மிட்டாய் தூவி எனக்கும் ஒரு ரஸ்க் கொடுத்தாயே, அது இன்னும் என் கோட்டுப் பையில் கிடக்கிறது.

எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து பதினோரு வருஷம். தினமும் ஒரு மாத்திரை. முத்தத்தால் இது தொற்றாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். நோய் தெரிவதற்கு முன்பு, என் நாக்கின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து, "தயிர் ஒட்டியிருக்கு, நல்லா தேய்ங்கப்பா" என்று கேலி செய்தாய். சுரண்டினாலும் போகவில்லை. அது ஏதோ ஒரு வைரஸின் வேலை, உடம்பில் எதிர்ப்பு குறைந்தால்தான் வரும் என்று பல் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு எச்.ஐ.வி. பற்றி நீ படித்த அளவுக்கு நான்கூடப் படிக்கவில்லை.

நீயா இப்படிச் செய்தாய்?

அப்பா

நைமேகன்
8 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரசவம் ஆனதிலிருந்து சரியான தூக்கமே இல்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. களைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனதும் சரியில்லை. கழுத்துத் துண்டை வேறு இங்கேயே விட்டுவிட்டீர்கள். அந்தக் குளிரில் எப்படிப் போனீர்கள்?

ஃபென்னா நன்றாகப் பால் குடிக்கிறாள்.

யோலைன்

ஹார்லிங்கன்
14 மார்ச்

என் செல்ல யோலைனுக்கு,

உன் அப்பா ஒரு முட்டாள். நேற்று வழக்கமான சோதனைக்குப் போனேன். டாக்டரம்மா என் உதட்டோரத்தைப் பார்த்துவிட்டு, "இது எப்பலேருந்து?" என்று கேட்டார். குளிரில் வெடித்தது என்று நினைத்திருந்தேன். ஹெர்பிஸ் கொப்புளமாம், முத்தம் கொடுத்தாலே ஒட்டிக்கொள்ளுமாம்.

"உங்க வாய் என்ன, வைரசுக்கெல்லாம் வாடகை வீடா? முதல்ல நாக்குல ஒண்ணு, போன வருஷம் கன்னத்துக்குள்ள மரு, இப்ப இது!" என்று சிரித்தார். என் மாதிரி ஆட்களுக்கு இது அடிக்கடி வருமாம், ஆறவும் நாளாகுமாம். ஆனால் பேத்தி சங்கதியைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "பச்சக் குழந்தைக்கு இது வந்தா உயிருக்கே ஆபத்துங்க. உங்க பொண்ணு செஞ்சதுதான் சரி" என்றார்.

நீ புண்ணைப் பார்த்துத்தான் இழுத்திருக்கிறாய். நான்தான் என்னென்னவோ நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மன்னித்துவிடு. உன் மாமியாரிடமும் சொல், கிழவனுக்கு உதட்டில் புண், வேறொன்றும் இல்லை என்று.

முத்தங்களுடன் (தபாலில்தானே, பயமில்லை),
அப்பா

நைமேகன்
17 மார்ச்

அப்பா,

நான் எந்தப் புண்ணையும் பார்க்கவில்லை.

"ஆமாம், அதனால்தான்" என்று எழுதி, உறையை ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போனேன். போட முடியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் எச்.ஐ.வி.யை நினைத்துத்தான் இழுத்தேன். தொற்றாது என்று தெரியும், நானே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளை மடியில் இருந்தபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நீங்கள் போன பிறகு, நீங்கள் காபி குடித்த நீலக் கோப்பையைக் கழுவி வைத்தேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனதும் கொதிக்கிற தண்ணீரில் இன்னொரு தடவை கழுவினேன். அப்புறம் அங்கேயே நின்று அழுதேன்.

ஃபென்னா தப்பித்தது அதிர்ஷ்டம். அதில் எனக்குப் பங்கில்லை. எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை அப்பா.

யோலைன்

ஹார்லிங்கன்
9 ஏப்ரல்

அன்புள்ள யோலைனுக்கு,

மூன்று வாரமாக எழுத முடியவில்லை. கோபம். அந்தப் புண்ணையே காரணமாக வைத்துக்கொண்டு இருவரும் நிம்மதியாக இருந்திருக்கலாமே, இவள் ஏன் சொன்னாள் என்று உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மிகவும் வலித்தது. இன்னும் வலிக்கிறது. ஆனால் தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தாயே, அதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

புண் ஆறி, தோலில் தடமே இல்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இனி தாராளமா கொஞ்சுங்க" என்று சொல்லிவிட்டார். ஃபென்னாவுக்கும் ஏழு வாரம் ஆகப்போகிறது. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நான் குனியமாட்டேன். நீயாக அவளை என் கையில் கொடு.

எனக்குக் காபி அந்த நீலக் கோப்பையிலேயே வேண்டும். ஒரு தடவை கழுவினால் போதும்.

அப்பா