நீலமுகம் தோற்கக் கூடாது

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் மச்சானும், மல்யுத்த மேடையில் உன் ஜென்மப் பகையாளியுமான சடையன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

முதலில், இதை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கப்போகும் ஆஸ்பத்திரிச் சமையற்காரருக்கு என் கும்பிடு. ஐயா, நீங்கள் எழுதிய பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். கயிற்றின் மேலிருந்து பாய்ந்தவன் தலைகுப்புற விழுந்தான், மூச்சு இருக்கிறது, கண் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஊரில் எங்கள் மொழி தெரிந்த ஒரே ஆளாக நீங்கள் வாய்த்தது எங்கள் பாக்கியம். கொஞ்சம் சத்தமாகவே வாசியுங்கள். அவனுக்குக் கூட்டத்தின் இரைச்சல் பழக்கம், மெல்லச் சொன்னால் காதில் ஏறாது.

மாப்பிள்ளை, தங்கச்சி உன்னிடம் வருவதற்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறாள். இன்று போய் நாளை வா என்கிறார்கள். தையல் கடைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிடுகிறாள் என்று பேர். உன் மகளுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், அவ்வளவுதான். முகமூடி போட்ட நீலமுகம் நீதான் என்பதே அவளுக்குத் தெரியாதே! அன்றைக்கு என் முதுகில் தொற்றிக்கொண்டு என் முடியைப் பின்னிக்கொண்டே, "மாமா, நீ ஏன் நீலமுகத்த பின்னாடி வந்து குத்துற? வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். வயிற்றுப்பாட்டுக்கு என்றேன். "வேற வேலை பாரு" என்று சொல்லிவிட்டாள்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். அந்த நாட்டுக்கு இந்தத் தொழில் எப்படி வந்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். பழுதாகி நின்ற கப்பலிலிருந்து இறங்கிய இரண்டு மல்லர்கள், சோற்றுக்கு வழியில்லாமல் மீன் மார்க்கெட் மேஜைகளைச் சேர்த்துப் போட்டுச் சண்டை காட்டினார்களாம். மீன்காரர்கள் நிஜம் என்று நம்பி, வலையை வீசி இருவரையும் பிரித்தார்களாம். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? சர்க்கஸ் நொடித்துப்போய்க் கிளம்பியபோது, கம்பி வளைக்கிறவர் மட்டும் ஊர் திரும்பக் காசில்லாமல் தங்கிவிட்டார். அவர்தான் பழைய ஐஸ் பேக்டரியில் நான்கு கம்பம் நட்டு, கயிறு கட்டி, நமக்கெல்லாம் வலிக்காமல் விழக் கற்றுக்கொடுத்தார். எந்த மூலைக்குப் போனாலும், ஒருவரை ஒருவர் காயப்படுத்தாமல் அடித்துக்கொள்ளும் இரண்டு பேரைப் பார்க்கக் கூட்டம் வந்துவிடுகிறது. பொய் என்று தெரிந்தேதான் வருகிறார்கள். வந்த பிறகு நம்பிவிடுகிறார்கள்.

இப்போது உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். சமையற்கார ஐயா, நீங்கள் பயப்பட வேண்டாம். பயப்படுவதற்கு இங்கே நாங்கள் இருக்கிறோம்.

நீ போன பிறகு முதலாளி, நீலமுகம் காயத்தில் ஓய்வெடுக்கிறார் என்று சொல்லி வேறு ஆட்களை என்னோடு மோதவிட்டுக்கொண்டிருந்தார். உன் முகமூடியைத் தங்கச்சி துவைத்து, தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். ஒரு சாயங்காலக் காட்சியில் நான் மேடையேறி வழக்கம்போல ஜனங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வாசல் பக்கம் ஒரே கூச்சல். திரும்பிப் பார்த்தால், நீலமுகம் நடந்து வருகிறது.

யாரோ புதுப் பையனைப் போட்டுவிட்டார் முதலாளி, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்குக் கோபம். சரி, பிழைத்துப் போகட்டும் என்று கழுத்தைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது. ஐஸ் பேக்டரிதானே, அதுவும் சாயங்காலம் என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கு மேல் தூக்கினேன். தூக்கப்படுகிறவன் தானே எம்பிக் கொடுத்தால்தான் தூக்க முடியும், அதிலும் உன்னைத் தூக்குவதென்றால் என் இடுப்பு கழன்றுவிடும். இவன் எம்பவே இல்லை. ஆனாலும் ஈரத் துணியைத் தூக்குகிற மாதிரி இருந்தது. கீழே போட்டேன். கித்தானில் சத்தம் வரவில்லை.

ஆமாம், மாப்பிள்ளை. பலகைக்கு மேல் கித்தான் இழுத்துக் கட்டிய மேடை, பூனை குதித்தாலும் சத்தம் போடும். ஒரு ஆள் விழுந்து சத்தம் இல்லை. கூட்டத்தின் கூச்சலில் யாருக்கும் தெரியவில்லை. நடுவருக்குத் தெரிந்தது. குனிந்து தரையைத் தட்டி எண்ண வந்தவர், அப்படியே என் முகத்தைப் பார்த்தார்.

அப்புறம் அவன் என் கையைப் பிடித்தான். இரண்டு குட்டி அழுத்தம், ஒரு நீள அழுத்தம், கடைசியில் என் வளைந்த சுண்டுவிரலைக் கட்டைவிரலால் ஒரு தடவல். "எனக்கு ஒண்ணுமில்ல, நீ பண்ணு" என்று நாம் இருவரும் மட்டும் பேசிக்கொள்ளும் பேச்சு. அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய்.

நீ சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். சந்தோஷத்தில் அன்று நன்றாக அடி வாங்கிக்கொண்டேன். முடிந்ததும் உன்னைத் தேடி வர முடியுமா? நம் கம்பெனிச் சட்டம்தான் உனக்குத் தெரியுமே. நல்லவனுக்கு ஒரு வாசல், கெட்டவனுக்கு ஒரு வாசல். முகமூடிக்குள் யார் என்று கூட விளையாடுகிறவனே கேட்கக் கூடாது. உன் கல்யாணத்துக்கே நான் சமையலுக்கு வந்தவன் மாதிரி பின்வாசலில் நுழைந்து, பாத்திரத்துக்கு நடுவில் நின்று அட்சதை போட்டவன். சடையனோடு சிரித்துப் பேசுகிற அகலத் தோள்காரன் யார் என்று ஒருவன் கேட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் ஏமாந்தோம். நான் முதலாளி ஏற்பாடு என்று நினைத்தேன். முகமூடி இருப்பது என் தங்கச்சி வீட்டில் என்பதால், முதலாளி என் ஏற்பாடு என்று நினைத்தார். அடுத்தடுத்த காட்சிகளுக்கும் நீலமுகம் வந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஐயா, உங்கள் கடிதம் வந்த அன்று, நான் என் பஞ்சர் கடையைப் பூட்டாமல்கூட தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். அவள் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு. சாவி எங்கிட்டதான் இருக்கு. இதத் தொட்டுப் பாரு" என்றாள். முகமூடி சொதசொதவென்று நனைந்திருந்தது. வியர்வை. மாப்பிள்ளை, உன் வியர்வை அவளுக்குத் தெரியாதா? நீ விழுந்ததாக ஐயா எழுதிய தேதியைப் பார்த்தேன். நீலமுகம் முதலில் வந்தது அதற்கு மறுநாள்.

உன் மகள் ஒருமுறை முன்வரிசையில் இருந்தாள். போகிறபோக்கில் அவன் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து, "நீலமுகத்தோட கையில ஆஸ்பத்திரி வாசனைம்மா" என்றாளாம். தங்கச்சி அன்று இரவு விளக்கை அணைக்கவில்லை.

ஒவ்வொரு காட்சிக்கும் அவன் எடை குறைந்துகொண்டே வருகிறது, மாப்பிள்ளை. போன தடவை தூக்கியபோது என் கையில் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. நடுவர் உடம்பு சரியில்லை என்று சொல்லி விடுப்பில் போய்விட்டார்.

இப்போது முதலாளி ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார். "முகமூடியா? முடியா?" நான் தோற்றால் மேடையிலேயே எனக்கு மொட்டை. நீலமுகம் தோற்றால் முகமூடி கழற்றப்படும். யார் ஜெயிக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். நான் ஜெயிக்க வேண்டுமாம், என் கையால் முகமூடியை உருவ வேண்டுமாம். நான் விஷயத்தைச் சொன்னேன். "உன் நடிப்பெல்லாம் மேடையோட வச்சுக்க" என்று சிரிக்கிறார். நான் உருவினால் உள்ளே என்ன இருக்கும்? எதுவும் இல்லாவிட்டால், அங்கே கட்டிலில் கிடக்கிற உனக்கு என்ன ஆகும்? எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால் நான் தோற்கப்போகிறேன். முதலாளிக்குத் தெரியாது. உன்னிடம்தான் சொல்கிறேன். இத்தனை வருஷம் ஆசை ஆசையாக வளர்த்த முடி, போகட்டும். நீ கயிற்றின் மேலேறிப் பாய்ந்து விழு, நான் அடியில் கிடக்கிறேன். மிச்சம் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு வா. ஐயா, நீங்கள் மட்டும் தினமும் ஒருமுறை அவன் கையை நான் எழுதிய மாதிரி அழுத்திப் பாருங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

நீ நீடூழி வாழ வேண்டும் என்று அடித்துச் சொல்கிற,
உன் மச்சான்.

*

அன்பு மாப்பிள்ளைக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் ஐயா பொறுத்துக்கொள்ளவும். என் விலா எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. காரணம் நீதான்.

பேக்டரியில் நிற்க இடமில்லை. நீ வந்தாய். ஆரம்பம் முழுக்க வெறுங்காற்றோடு கட்டிப் புரண்டேன். முதலாளி கீழே நின்று, உருவு உருவு என்று ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். ஒருமுறை என் விரல்கள் முகமூடியின் கழுத்து முடிச்சு வரைக்கும் போய்விட்டன. நீ தடுக்கவில்லை, சும்மா இருந்தாய். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. உன் மகள் மட்டும், "மாமா, வேணாம்!" என்று கத்தினாள். முடிச்சை விட்டுவிட்டேன். நான் கால் இடறிய மாதிரி மல்லாந்து விழுந்தேன்.

நீ கயிற்றின் மேல் ஏறி நின்றாய். ரொம்ப நேரம் நின்றாய். பிறகு பாய்ந்தாய்.

முழு எடையும் என் மேல் விழுந்தது, மாப்பிள்ளை. உன் பழைய எடை, தடிமாடே. மேடை அதிர்ந்த சத்தத்தில் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. என் மூச்சு நின்றுவிட்டது. உன் உடம்பு சூடாக இருந்தது. வலியில் எனக்குக் கண்ணீர் கொட்டியது, அதைவிடச் சந்தோஷத்தில் கொட்டியது. புது நடுவர் எண்ணி முடித்தபோது உன் கை என் கையைத் தேடி வந்தது. இரண்டு குட்டி அழுத்தம், ஒரு நீள அழுத்தம், சுண்டுவிரலில் ஒரு தடவல். எழுந்து உன் வாசல் வழியாகப் போய்விட்டாய். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு மேடையிலேயே மொட்டை போட்டார்கள். ஊரே கை தட்டியது. முதலாளி என்னை இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார், போகட்டும். வீட்டில் உன் மகள் என் மண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வலிச்சுதா மாமா?" என்றாள். தங்கச்சி பெட்டியைத் திறந்தாள். முகமூடி துவைத்து மடித்த மடிப்பிலேயே இருந்தது, நன்றாகக் காய்ந்து. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அவள் என்னைப் பார்க்கிறாள். எனக்கு மட்டும் தெரியுமா?

எனக்கு ஒன்றுமில்லை என்கிறாய் நீ. உன் தோள்பட்டை முறிந்த அன்றும் என் கையை இப்படித்தான் அழுத்தினாய், படுபாவி. நம் தொழிலில் செத்துக்கொண்டிருக்கிறவனும் அதைத்தான் சொல்வான்.

அதனால் ஐயா, அவன் பேச்சை நான் நம்பப்போவதில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அந்த மேடை அதிர்ந்தபோது அங்கே என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். கண் திறந்திருந்தால், சடையனுக்கு மொட்டை என்று முதலில் சொல்லுங்கள், சிரிப்பான். திறக்காவிட்டால், அவன் கையை விட்டுவிடாதீர்கள். என் தங்கச்சிக்கு நேற்றுத்தான் பயணக் காகிதம் கிடைத்தது, கிளம்பிவிட்டாள். அவள் வந்து சேரும்வரை யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் கை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவன் மச்சான்.